தொட்டிப் பக்கம்

இந்திராணி அம்மாவுக்கு நான் தர வேண்டியது முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. அதில் ஒரு ரூபாய்கூட என் உடம்புக்காக வாங்கியதில்லை. எல்லாம் என் மனைவி லில்லியின் உடம்புக்கு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தது, ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், அந்தச் சூரணம் வயிற்றைப் புண்ணாக்கியதால் மறுபடி ஆஸ்பத்திரி. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. குழந்தை இல்லையென்றால் பெண்ணைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே படுத்திருப்பாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்திராணி அம்மா காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். கணவர் இறந்தபிறகு தனியாகத்தான் நடத்துகிறார். கச்சாப் பட்டு சிட்டம் சிட்டமாக, அதாவது நூல் கத்தைகளாக, வரும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதிலுள்ள பிசினை எடுத்து, சாயம் ஏற்றி, அலசி, காயவைத்துக் கொடுப்போம். பட்டறையில் இரண்டு பக்கம் உண்டு. அண்டாப் பக்கம், தொட்டிப் பக்கம். அண்டாப் பக்கம் ஆண்கள். விறகு அடுப்பின் மேல் செப்பு அண்டா, எதிரும் புதிருமாக இரண்டு பேர், கழியில் சிட்டத்தை மாட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிடும். தொட்டிப் பக்கம் பெண்கள். பச்சைத் தண்ணீரில் அலசுவார்கள். அண்டாவில் நிற்பவனுக்கு நாள் கூலி அறுநூற்றைம்பது. தொட்டிக்கு நானூறு.

பதினாறு வருடம் நான் அண்டாவில் நின்றவன். அடுப்பு வாய் சரியாகத் தொடை உயரத்துக்கு இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, சுடுசாயம் தெறிக்காமல் இருக்க உள்ளே கனத்த துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். மாலையில் அவிழ்த்தால் அந்தத் துணி வெந்த துணி மாதிரி இருக்கும். அதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைத்ததில்லை. சூடு தாங்குகிறவன்தான் ஆம்பளை என்று பட்டறையில் ஒரு பெருமைகூட உண்டு.

முன்பணம் வாங்கினவன் அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போகக் கூடாது. வாரம் முந்நூறு பிடிப்பார்கள். இந்தப் பக்கம் பிடிக்கப் பிடிக்க அந்தப் பக்கம் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது முசரவாக்கம். எங்கள் ஊருக்குக் கிராம செவிலியராகப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சுகாசினி என்று பெயர். இருபத்தைந்து வயது இருக்கும். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவள் லில்லியின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் டெஸ்ட் எப்போது எடுத்தார் என்று கேட்டிருக்கிறாள். எடுக்கவில்லை என்றாள் லில்லி. யாரும் சொல்லவில்லையா என்றாள் அவள். யாரும் கேட்கவில்லை என்றாள் லில்லி.

இதை என்னிடம் சொல்ல லில்லிக்கு மூன்று நாள் ஆனது. சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு என்ன குறை, மூட்டைச் சோடாவை ஒரே தம்மில் தூக்குகிறவன் நான் என்று கத்தினேன். சோறு தின்னாமல் படுத்தேன். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு கூலிக்கு வாங்கி வந்த நூலைச் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். லில்லியின் முறை வந்தபோது குழந்தையின் பாட்டி, பசிக்கிறது போலிருக்கிறது என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை அழவேயில்லை. லில்லி நீட்டின கையை அப்படியே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அடுத்த வாரம் டெஸ்டுக்குப் போனேன்.

டவுனில் ஒரு லேப். நான்கு நாள் மனைவியோடு சேராமல் இருந்து வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சின்ன பிளாஸ்டிக் குப்பியைக் கையில் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒருவர் சர்க்கரை டெஸ்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெளியே வந்தபோது, லில்லி இத்தனை வருடம் எத்தனை அறைக்குள் இப்படிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய அறைகளுக்காவது தாழ்ப்பாள் இருந்ததா என்று நான் கேட்டதேயில்லை.

டெஸ்ட் தாளை எடுத்துக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்தில் இருந்த சுகாசினியிடம் போனோம். ஒரு மில்லியில் நாற்பது லட்சம் உயிரணு என்று இருந்தது. எனக்கு அப்போது மூச்சு வந்தது.

“நாப்பது லட்சம் இருக்குதே சிஸ்டர். ஒரு புள்ளைக்கு ஒண்ணு போதாதா?”

சுகாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றரைக் கோடிக்கு மேலே இருக்க வேண்டும் என்றாள். பிறகு எங்களைச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஆண் படம் ஒன்று, பெண் படம் ஒன்று, குறுக்கே வெட்டினாற்போல. பக்கத்தில் தமிழில் பெயர்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். கருப்பை, கருக்குழாய், சினைப்பை என்று விரலை வைத்துப் படித்தேன். என் மனைவி நான்கு வருடம் காசு கொடுத்துக் காட்டிய இடங்களுக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது. பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரே ஒரு முட்டை. அடுத்த தீட்டுக்கு ஏறக்குறைய பதினாலு நாள் முன்னால் அது வெளியே வந்து குழாய்க்குள் இறங்கும். வந்தால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் அணு போய் மூன்று நாள், நான்கு நாள் காத்திருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முன்னாலேயே அது போய் நிற்க வேண்டும்.

“போற வழியிலயே முக்கால்வாசி செத்துடும்ணா. உள்ள புளிச்ச தண்ணி மாதிரி இருக்கும், அது தாங்காது. மிச்சத்துல வால் ஆட்டத் தெரியாதது ஒரு கூட்டம். முட்டை இந்தப் பக்கக் குழாய்ல இருந்தா அந்தப் பக்கக் குழாய்க்குப் போறது ஒரு கூட்டம். கடைசியா முட்டைகிட்ட போய்ச் சேர்றது சில நூறு இருந்தாலே அதிகம். அதுல ஒண்ணுதான் உள்ள போவும். நாப்பது லட்சத்துல கிளம்பினா அங்க யாருமே போய்ச் சேர மாட்டாங்க.”

லில்லி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதம் அந்த ஒரே முட்டை வந்து யாரையும் காணாமல் திரும்பியிருக்கும் என்று அவள் எண்ணியிருப்பாள். ஏழு வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு. நானும் எண்ணினேன்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று சுகாசினி கேட்டாள். சொன்னேன். அடுப்பு எவ்வளவு கிட்டே இருக்கும் என்றாள். தொடையைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே இறுக்கிக் கட்டுகிற துணியையும் சொன்னேன். அவள் ஆண் படத்தில் விரைப்பையைக் காட்டினாள். மற்ற உறுப்பெல்லாம் உடம்புக்கு உள்ளே பத்திரமாக இருக்கும்போது இது மட்டும் ஏன் வெளியே தொங்குகிறது என்று கேட்டாள். இந்தக் கேள்வியை ஒரு சின்னப் பெண் கேட்டு நான் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அவளே சொன்னாள். உயிரணு செய்கிற வேலை உடம்புச் சூட்டில் நடக்காது, இரண்டு மூன்று டிகிரி குறைவாக வேண்டும், அதற்காகத்தான் வெளியே. குளிர்ந்தால் அது சுருங்கி உடம்பை ஒட்டிக்கொள்ளும், சூடானால் தளர்ந்து விலகும். நான் அதை விலக விடாமல் துணியால் இறுக்கி, அடுப்பு வாய்க்கு நேரே பதினாறு வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரிந்தது. வெளிர் ரோஜாச் சாயம் போடும்போது அண்டா ஒரு கொதி கூடினால் பட்டு வீண். அடுப்பிலிருந்து கட்டையை இழுத்துப்போட எனக்குத் தெரியும். பட்டுக்குச் செய்யத் தெரிந்ததை எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவரும் பார்த்தார். விரைப்பையில் நரம்பு வீக்கம் ஏதும் இல்லை, சூட்டை விட்டுத் தள்ளி இருங்கள், பீடியை விடுங்கள், ஒரு தொகுதி அணு உருவாக எழுபது எழுபத்தைந்து நாள் ஆகும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார். ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்றும் சொன்னார்.

மூன்று மாதம் அண்டாவை விட வேண்டும். கடன் இருக்கும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. பட்டறையிலேயே சூடு இல்லாத இடம் தொட்டிதான். தொட்டியில் இதுவரை ஒரு ஆண் நின்றதில்லை.

மறுநாள் இந்திராணி அம்மாவிடம் போய், முட்டி வலிக்கிறது, கொஞ்ச நாள் தொட்டிப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்டேன். முட்டிக்குத் துணி சுற்றிக்கொள், அண்டாவுக்கு ஆள் எங்கே கிடைக்கிறான், தொட்டிக் கூலியில் உன் கடன் எப்போது தீரும் என்றார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து லில்லியிடம், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

“இன்னான்னு சொன்னே?”

முட்டி வலி என்று சொன்னதைச் சொன்னேன். அவள் சுற்றிக்கொண்டிருந்த நூலை நிறுத்தினாள்.

“ஏழு வருஷமா என் பேர்லதான் இருந்தது மாமா. ஒரு நாள் உன் பேர்ல இருந்தா இன்னா?”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அன்றைக்கு இரவு முழுவதும் அந்தப் பேச்சு என்னோடு புரண்டுகொண்டிருந்தது.

அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு நேரம். எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்டாவில் எனக்கு எதிரே நிற்கிற மணிவண்ணன், தொட்டியில் அலசுகிற நான்கு பெண்கள். இந்திராணி அம்மா சாயம் நிறுக்கிற மேசையில் இருந்தார். நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை.

“அம்மா, நேத்து முட்டின்னு சொன்னது பொய். கொயந்த இல்லாததுக்குக் குறை லில்லிகிட்ட இல்ல. என்கிட்டதான். அண்டா சூட்டுல எனக்கு அணு கம்மியாயிடுச்சாம். டெஸ்ட் எடுத்துட்டேன். தாள் இதோ இருக்குது.”

 மணிவண்ணன்தான் முதலில் பேசினான்.

“யோவ் சிட்டி, உன் எதிர்லதானே நானும் நின்னுக்கினு கீறேன்? எனக்கு மூணு இருக்குது. என் பக்கம் மட்டும் இன்னா ஐஸ் கட்டியா எரியுது?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆவாதாம் மணி. ஒரே அண்டால ரெண்டு சிட்டம் போடுறோம், ஒண்ணு சாயத்த வேற மாதிரி வாங்குறது இல்ல?”

ஆமாம் என்று மணிவண்ணன் தலையை ஆட்டினான். அவனும் சாயக்காரன்தானே.

இந்திராணி அம்மா தாளை வாங்கினார். எவ்வளவு சூடு ஆகாது என்று கேட்டார். உடம்புச் சூடே ஆகாது, அதற்குக் கீழே இருக்க வேண்டும், அதனால்தான் கடவுள் வெளியே தொங்கவிட்டிருக்கிறான் என்று சொன்னேன். தொட்டிப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருடமாக நிற்கிறாய் என்றார். பதினாறு என்றேன். அண்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நாளைலேருந்து தொட்டிப் பக்கம் போ. தொட்டிக் கூலிதான் தருவேன்.”

முந்நூறு பிடித்தால் வீட்டில் உலை வைக்க முடியாது என்றேன். இருநூறு பிடிக்கிறேன் என்றார்.

தொட்டிப் பக்கம் நின்ற முதல் வாரம் எனக்குச் சிட்டியக்கா என்று பெயர் வைத்தார்கள். விறகு இறக்க வந்த வண்டிக்காரன்கூட அக்கா கொஞ்சம் தள்ளுங்க என்றான். பெண்கள் அவ்வளவாகக் கிண்டல் செய்யவில்லை. நான் அலசுவதில் தப்பு கண்டுபிடிப்பதிலேயே அவர்களுக்குப் பொழுது போயிற்று. சிட்டத்தை முறுக்கிப் பிழியாதே, தட்டிப் பிழி என்று அடிக்கடி சொன்னார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கை இருந்தால் விரல் இடுக்கு வெடிக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நானூறு ரூபாய் வேலை சுலபமான வேலை என்று பதினாறு வருடம் நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் பட்டறைக்குப் போனபோது அண்டாவைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. கழிகள் ஒரு முழம் கூடுதல் நீளமாக மாறியிருந்தன. இந்திராணி அம்மா செய்யச் சொன்னாராம். மணிவண்ணன் உள்ளே கட்டுகிற துணியை விட்டுவிட்டுத் தொளதொளவென்று அரைக்கால் சட்டை போட்டு நின்றான். மூணு போதாதா என்று கேட்டேன். காத்து நல்லா வருதுப்பா என்றான்.

சுகாசினி லில்லிக்கு மாதக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். நாட்களைக் குறிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். லில்லி முதலில் வெட்கப்பட்டாள். பிறகு, நாலு வருஷமா டாக்டருங்க கணக்குப் போட்டாங்க, இப்போ நீ போடு என்றாள்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி அதே லேப். இந்தத் தடவை தாழ்ப்பாள் மாட்டியிருந்தார்கள். தாளை வாங்கி நானே படித்தேன். ஒரு கோடியே எழுபது லட்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லில்லியிடம் காட்டினேன். அவள் அந்த எண்ணில் சைபர்களை விரலால் எண்ணிப் பார்த்தாள். இன்னும் அவளுக்கு நாள் தள்ளவில்லை.  அதற்கு அவசரம் இல்லை, வாசல் திறந்தாச்சு, இனிமேல் மாதாமாதம் பார்க்கலாம் என்று சுகாசினி சொல்லியிருக்கிறாள். வழியில் லில்லி கோயில் வாசலில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்கே பூ வாங்கினாலும் அது பூதான் என்பாள். பஸ்ஸில் ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு நின்றபோது, குடும்மா நான் வச்சுக்கினு கீறேன் என்று கையை நீட்டினாள். அந்தப் பெண் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை கூலி நாள். எல்லாரும் வாங்கிக்கொண்டு போனபிறகு இந்திராணி அம்மா என்னை நிற்கச் சொன்னார். டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். நோட்டைத் திறந்து என் பக்கத்தை எடுத்தார். பதினாலு வாரம் இருநூறு இருநூறாகப் பிடித்தது போக முப்பத்து நாலாயிரத்து எண்ணூறு நின்றது. இதெல்லாம் எதற்கு வாங்கினது என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“எங்க வூட்டுக்காரரு முதலாளி ஆவறதுக்கு முன்னால இருபத்திரண்டு வருஷம் அண்டால நின்னாரு, உனக்குத் தெரியுமா? புள்ள இல்லன்னு எனக்கு மூணு வாட்டி வயித்தக் கழுவினாங்க. மாமியார் அவருக்கு ரெண்டாந்தாரம் பாத்துட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணுக்குப் பூ வைக்கிறதுக்குத் தட்டு சாமான் வாங்கியாந்தது நான்தான். அவரு வேணான்னுட்டாரு. நல்ல மனுஷன். ஆனா அவரையும் ஒரு வாட்டி பாக்கணும்னு யாருக்குமே தோணல, எனக்கும் தோணல.”

அவர் அழவில்லை. பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்ல மனசில்லை.

“அம்மா, அவருக்கும் இதுதான்னு சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாரு.”

“தெரியாதுன்னு தெரிஞ்சாலே போதும்பா. நான்தான்னு தெரிஞ்ச மாதிரியே இத்தினி வருஷம் இருந்துட்டேன்.”

பிறகு, என் பட்டறைச் சூடு செய்ததற்கு உன் பொண்டாட்டி வயிற்றைக் காட்டிச் செலவழித்த காசு இது, இதை உன்னிடம் வாங்க மாட்டேன் என்றார். வேலை செய்து கழித்துவிடுகிறேன் அம்மா என்றேன். திங்கட்கிழமையிலிருந்து அண்டாப் பக்கம் சாயம் நிறுத்துக் கலக்கிக் கொடு, அடுப்புகிட்ட போக வேண்டாம், கூலி பழைய கூலி, ஆனால் இந்தக் கடனுக்கு அதில் ஒன்றும் பிடிக்க மாட்டேன் என்றார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

என் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். அடியில் எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார். சிட்டிபாபு, பாக்கி இல்லை என்று இருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரக் கூலியில் அவர் ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டாயிரத்து நானூறும் முழுதாக எண்ணி என் கையில் கொடுத்தார்.